பழைய நகலை அழித்தவர்களுக்கு நன்றி

காரைக்குடி

செட்டிநாட்டு வீடுகளின் ஸ்கேன்களையும் வரைபடங்களையும் வைத்திருக்கும் கிட் (கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருள்) சர்வரை ஒழுங்குபடுத்தக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் சர்வரைப் பார்த்துக்கொண்ட தம்பிகளுக்கு. பெரிய கோப்பை அழித்து கமிட் போட்டால், அதாவது அந்த மாற்றத்தைப் பதிந்தால், ரெப்போ எனும் களஞ்சியம் இளைக்காது. பழைய கமிட்டுகளில் அது அப்படியே கிடக்கும், குளோன் செய்கிறவர், அதாவது முழு நகலை இறக்குகிறவர், அதையும் சுமக்க வேண்டியதுதான். முழு பேக்கப் எடுத்த பிறகே, பழைய கமிட்டுகளிலுள்ள பெரிய கோப்புகளை எல்எஃப்எஸ் என்ற தனிக் கிடங்குக்கு மாற்றி, அவற்றின் இடத்தில் சிறு சுட்டுக் கோப்பை வைக்கும் 'கிட் எல்எஃப்எஸ் மைக்ரேட் இம்போர்ட்' கட்டளையை ஓட்டினீர்கள், டிஃப் (TIFF) படக் கோப்புகளைக் குறித்து, 'எவ்ரிதிங்' (எல்லாக் கிளைகளும்) சேர்த்து. அதைச் சேர்க்காவிட்டால் அப்போது நிற்கும் கிளையில் இன்னும் புஷ் ஆகாத (சர்வருக்கு அனுப்பாத) கமிட்டுகள் மட்டுமே மாறும், பளு குறையாது. மாற்றிய பிறகும் சர்வர் டிஸ்க் உடனே காலியாகவில்லையே என்று பலர் கேட்டார்கள். யாரும் சுட்டாத பழைய பொருள்களை கிட் வழக்கமாக 2 வாரம் வைத்திருக்கும். ரெஃப்லாகை (கிளைகள் முன்பு நின்ற இடங்களின் பதிவு) காலாவதியாக்கி, குப்பை கூட்டும் 'கிட் ஜிசி'யை 'ப்ரூன் நவ்' உடன் ஓட்டினால்தான் போகும்.

புஷ் செய்யும்போது வந்த, 'அனுப்பியது அளவுக்கு மீறியது' எனும் 413 பிழையைப் பிடித்த அண்ணனுக்குத் தனி நன்றி. ஆளாளுக்கு போஸ்ட்பஃபரை (கிட் அனுப்பும்போது பயன்படுத்தும் நினைவக அளவு) ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அதில் பயனே இல்லை. கிட்டுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் வலை சர்வரான என்ஜின்எக்ஸ், அளவு சொல்லாதவரை 1 எம்பிக்கு மேல் வாங்காது. 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' 0 என்று வைத்ததும் வரம்பு நீங்கியது.

வளவு (வீட்டின் நடுமுற்றப் பகுதி) தூண் ஸ்கேன் திறக்கவில்லை என்று சொன்ன ஆச்சிக்கும் நன்றி. நோட்பேடில் பார்த்தால் மூன்றே வரி: பதிப்பு, எஸ்எச்ஏ-256 எண் (கோப்பின் அடையாளம்), பைட் அளவு. படம் கெட்டுப்போகவில்லை, அது வெறும் சுட்டுக் கோப்பு. அந்தக் கணினியில் 'கிட் எல்எஃப்எஸ் இன்ஸ்டால்' ஒரு தடவை, பிறகு 'கிட் எல்எஃப்எஸ் புல்', முடிந்தது. ஆச்சி சொன்னதால் மற்ற கணினிகளையும் பார்த்தோம்.

வரைபடக்காரர்கள் திருத்துமுன், வேறொருவர் அதே கோப்பைத் திருத்தாதபடி லாக் போடுகிறார்கள். ஒரே டிஃப்பை இருவர் திருத்தினால் கிட்டால் இணைக்க முடியாது, ஒருவர் உழைப்பு வீண்.

எல்லாவற்றிலும் பெரிய உதவி, அறிவித்த நேரத்தில் புஷ் செய்வதை நிறுத்தி, பழைய குளோனை அழித்து, புதிதாக இறக்கியவர்கள் செய்தது. ஒரே ஒருவர் பழைய குளோனில் புல் செய்து, பழைய வரலாற்றையும் புதியதையும் மெர்ஜ் செய்து (இணைத்து) புஷ் பண்ணினால் நீக்கிய பளு முழுவதும் திரும்பி வந்துவிடும். பரணில் ஏற்றிவைத்த லேப்டாப் இருந்தால் அதையும் நினைவில் வையுங்கள்: புஷ் ஆகாத வேலையை வேறு ஃபோல்டரில் நகலெடுத்துவிட்டு, குளோனை அழித்துப் புதிதாக இறக்குங்கள்.