கொள்கைப் பலகை போதும், இரண்டு மணி நேரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். "ஒரு நேரத்தில் ஒரு வேலை. செய்யும் வேலையில் மனதை வை. போதுமான ஓய்வு எடு." நீங்கள் புதிதாக மாட்டிய பலகையில் இருக்கும் எதற்கும் எங்களிடம் மறுப்பு இல்லை. பாடப்புத்தகத்தில் பிழை பார்ப்பவர்களுக்குக் கவனத்தை விட்டால் வேறு மூலதனம் ஏது?

பலகை வந்த அதே வாரம்தான் கணக்குப் புத்தகப் பிழையும் வெளியே தெரிந்தது. நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் எப்படித் தப்பியது என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு முக்கோணத்தின் கோணம் வினாவில் 40 டிகிரி, படத்தில் 50 டிகிரி, பின்னால் இருக்கும் விடை 40-க்குப் போட்டது. எங்கள் சக ஊழியர் அதைப் பார்த்துவிட்டார். மூன்று பக்கங்களையும் மாற்றி மாற்றிப் புரட்டி, ஓரத்தில் குறிக்கப் பென்சிலை எடுத்தபோது அழைப்பு வந்தது. "அந்த அட்டவணை என்ன ஆச்சு? ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க." போன இடத்தில் அது கூட்டமாக நீண்டது. திரும்பி வந்தவர் அடுத்த பக்கத்திலிருந்து தொடர்ந்தார். விளக்கக் கடிதம் அவரிடம் கேட்கப்பட்டது. அழைத்தவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் சக ஊழியருக்கு அக்கறை இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். எங்களுக்கு அது அன்றாட அனுபவம். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது மனம் முக்கோணத்தில் இருக்கும். முக்கோணத்துக்குத் திரும்பினால் கூட்டத்தில் பேசியது காதில் ஓடும்.

ஆகவே நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்று. காலை 10 முதல் 12 வரை கூட்டம், அழைப்பு, குறுஞ்செய்தி எதுவும் வேண்டாம். அந்த இரண்டு மணி நேரம் எங்களை வேலை செய்ய விடுங்கள்.

ஓய்வைப் பற்றியும் பலகை பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரவு 11 மணிக்கு வரும் "பார்த்தீர்களா?" என்ற செய்திக்கு என்ன பெயர்? பதில் போடாவிட்டால் காலையில் முகம் மாறுகிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொல்லின. வேலை நேரம் முடிந்தபின் தொடர்பில் இல்லாதிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017 முதல் சட்டத்திலேயே வைத்திருக்கிறது. நாங்கள் சட்டம் கேட்கவில்லை. எழுத்தையும் படத்தையும் நேசித்துத்தான் இங்கே வந்தோம். அந்த ஆசை களைப்பில் கரைவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரவுச் செய்திகளைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். காலை இரண்டு மணி நேரத்துக்கு அவ்வளவு பேச்சு தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த புத்தகத்தின் மெய்ப்பு (அச்சுக்கு முன் திருத்த வரும் படி) கைக்கு வருவதற்குள் அதை அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விளக்கக் கடிதத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பிழைதிருத்தும் குழுவில் ஒருவர்