தடிமனோடு பறந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றிரவு போனில் நீ சிரித்துக்கொண்டு சொன்னதை நினைத்து எனக்கு நித்திரை வரவில்லை. தடிமனோடு, மூக்குச் சளியோடு, கோ-பைலட் சீட்டில் இருந்து பறந்தாயாம், இறங்கும்போது காது அடைத்ததாம், கடையில் வாங்கின குளிசை இரண்டு போட்டுச் சமாளித்தாயாம், கப்டனுக்கே தெரியாதாம். அம்மா பக்கத்தில் இருந்தபடியால் நான் ஒன்றும் பேசவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

முப்பது வருஷம் சிலிண்டர் கட்டிக்கொண்டு நிலாவெளியிலும் குச்சவெளியிலும் சங்கும் கடலட்டையும் எடுத்தவன் நான். தடிமனோடு இறங்கினால் பத்து மீட்டர் போகுமுன்னமே காதுக்குள் ஆணி இறங்கும். மேலே ஏறும்போது காதுக்குள் விரிகிற காற்று தானாக வெளியே போய்விடும். இறங்கும்போதுதான் மூக்குக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்னக் குழாய் திறந்து காற்றை உள்ளே விட வேண்டும், சளி அதை அடைத்துவிட்டால் செவிப்பறை உட்பக்கம் இழுபடும், சிலவேளை கிழியும். எனக்கென்றால் வலித்தவுடன் திரும்பி மேலே வந்துவிடலாம். நீ அத்தனை பேரை வைத்துக்கொண்டு எப்படியும் தரைக்கு வந்துதான் ஆக வேண்டும். போதாததற்கு அந்தக் குளிசைகளில் பல நித்திரையைக் கொண்டுவருபவை.

"நல்லாத்தான் இருந்தேன் அப்பா" என்றாயே, அந்தச் சொல்லுக்குத்தான் எனக்குப் பயம். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்பிரசின் லார்னகாவில் இருந்து ஏதென்சுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் விமானத்தைப் பற்றி, படிக்கிற காலத்தில் நீயே எனக்குச் சொன்னாய். கபினுக்குள் காற்றழுத்தத்தைத் தானாகச் சரிசெய்ய வேண்டிய சுவிட்ச் மனுவலில் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை, மேலே ஏற ஏற உள்ளே காற்றுக் குறைந்தது. எச்சரிக்கை ஒலித்தது, ஆனால் அது தரையில் மட்டும் கேட்கிற வேறொரு எச்சரிக்கையின் அதே சத்தம், விமானிகள் பிழையாக விளங்கிக்கொண்டார்கள். ஒட்சிசன் மாஸ்க் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது தம்பி. ஒட்சிசன் குறையும்போது நோகாது, பெரிதாக மூச்சு முட்டாது, சிலருக்கு உற்சாகமாகக்கூட இருக்குமாம்; குறைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய மூளைதான் முதலில் மங்குகிறது. 121 பேரும் போனார்கள்.

என்னோடு தொழில் செய்தவர் ஒருவர், ஒரே நாளில் நாலாவது சிலிண்டரும் முடித்து ஏறி வந்தார். தோள்மூட்டு நோகிறது என்று சொல்ல வெட்கம், பயந்தாங்கொள்ளி என்று பொடியன்கள் நினைப்பார்கள் என்று பேசாமல் இருந்து தேத்தண்ணி குடித்தார். படகு கரைக்கு வரும்போது இரண்டு காலும் இயங்கவில்லை. உடம்பில் கரைந்திருந்த நைதரசன் குமிழாகி முள்ளந்தண்டைத் தாக்கியிருந்தது. இன்றைக்கும் ஊன்றுகோல்தான். நோகிறது என்று அப்போதே வாய் திறந்திருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருப்போம்.

அதனால் உடம்பு சரியில்லை என்றால் டியூட்டிக்கு முன்னமே போன் அடித்துச் சொல்லு, மாற்று ஆள் வைத்திருப்பதே அதற்குத்தானே. இடையில் ஏதும் செய்தால் கப்டனிடம் உடனே சொல்லு, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. பக்கத்தில் இருக்கிறவனுக்குக் காது கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா?

மற்றது, லீவுக்கு வரும்போது புறாமலைத் தீவடியில் என்னோடு மூழ்க வேண்டும் என்றாய். வந்த முதல் நாளே போவோம். கபினுக்குள் இருப்பது ஏழெட்டாயிரம் அடி மலையில் நிற்பதுபோல, அழுத்தம் குறைந்தால் உடம்பில் மிச்சமிருக்கிற நைதரசன் குமிழாகும், அதனால் ஒருமுறை மூழ்கினால் 12 மணித்தியாலம், பலமுறை என்றால் 18 மணித்தியாலமாவது பொறுத்துத்தான் விமானம் ஏறலாம் என்பார்கள். நீ ஓட்டுகிறவன், உனக்கு இரண்டு முழு நாள் என்பது என் கணக்கு. அந்த இரண்டு நாளும் சீனக்குடாப் பக்கம் போவோம், சின்னனில் நீ பிளேன் பார்த்துக்கொண்டு நின்ற அந்த வேலிக்கு.

காதை டொக்டரிடம் காட்டிவிட்டு எனக்குப் போன் அடி. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அப்பா
திருகோணமலை