கோத்தகிரி ஓவியர் மன்றம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும், மழையைப் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு 6 முறை கூடியது. கோடைக் கண்காட்சி மே மாதம் நடந்தது. குழந்தைகள் ஓவியப் போட்டி வழக்கம்போல் ஜனவரியில் நடந்தது. மறைந்த மூத்த உறுப்பினருக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினோம்.

விரிவாகச் சொல்ல வேண்டியது, நம் ஊர் லாங்வுட் சோலைக் காட்டைப் பார்த்து வரையும் சோலைத் திட்டம். சென்ற பொதுக்குழுவில் நீங்கள் ஒப்புதல் தந்ததுதான். பிறகு கிளம்பிய பேச்சுகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் முதல் மார்ச் வரை, மாதத்தின் முதல் ஞாயிறு காலை வனத்துறை அனுமதியோடு சோலைக்குப் போவது. கண்ணில் படுவதைப் பென்சிலால் வரைந்துகொள்வது. முடிவில் அந்த நோட்டில் உள்ளதை மட்டும் வைத்து, உலகத்தில் இல்லாத ஓர் உயிரை வண்ணத்தில் தீட்டுவது. நோட்டில் இல்லாத உறுப்பு ஓவியத்தில் வரக்கூடாது. நான் வைத்த விதி இது ஒன்றுதான். 116 ஹெக்டேர் சோலை, ஊருக்குக் குடிதண்ணீர் தருவது, 2024 ஜனவரியில் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நம்மில் பாதிப் பேர் அதற்குள் கால் வைத்ததில்லை.

"கற்பனை ஓவியத்துக்குக் காடு எதற்கு?" என்று செயற்குழுவில் கேட்டார்கள். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515-ல் காண்டாமிருகத்தைப் பார்க்காமலே வரைந்தாரே என்றும் சொன்னார்கள். உண்மைதான். பிறர் எழுதியனுப்பிய விவரத்தையும் ஒரு குறிப்புப் படத்தையும் வைத்து, கவசத் தகடு போர்த்தியதுபோல் வரைந்தார். முதுகில் இல்லாத குட்டிக் கொம்பு ஒன்றையும் வைத்தார். ஐரோப்பா அதை நெடுங்காலம் நிஜமென்றே நம்பியது. ஏனென்றால், 1502-ல் ஒரு முயலை மயிர் மயிராகப் பார்த்து வரைந்த கை அது. நம் கோயில் தூண்களில் இருக்கும் யாளியும் அப்படித்தான். சிங்க உடம்பில் துதிக்கை ஒட்டவைத்ததுபோல் தெரியவில்லையே, யானையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய சிற்பி செதுக்கியதால்தானே? செல்போனில் கிடைக்கும் டிராகனைப் பார்த்து வரைந்தால், வேறு யாரோ கண்ட கனவின் நகல்தான் நமக்கு மிஞ்சும்.

பிளஸ் ஒன் படிக்கும் மாணவி ஒருத்தி முதல் ஞாயிறு முழுக்க மரப்பெரணியின் விரியாத குருத்து ஒன்றையே வரைந்தாள். உள்ளங்கையளவு சுருள், மேலெல்லாம் பழுப்புச் செதில். செதில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க மண்டியிட்டு உட்கார்ந்தாள். அடுத்த முறை, கிளைகளில் தாடிபோல் தொங்கும் சாம்பல்பச்சை மரப்பாசி. திரும்பும் வழியில் தேயிலைத் தோட்டத்து ஓரம் காட்டெருமை ஒன்று நின்றது. தூரத்திலிருந்தே வரைந்தோம். முழங்காலுக்குக் கீழே வெள்ளை. தோளிலிருந்து எழும் மேடு பாதி முதுகு வரை வந்து சட்டென்று இறங்கிவிடுகிறது. இத்தனை வருஷமாக அதை மாட்டுத் திமில் மாதிரியே வரைந்திருக்கிறேன். மார்ச்சில் அந்தப் பெண் கொண்டுவந்த யாளிக்கு அந்த முதுகு, அந்த வெள்ளைக் கால்கள். பிடரி மரப்பாசி. துதிக்கை பெரணிக் குருத்து. அந்தச் சுருள் இதோ அவிழப்போகிறது என்று தோன்றியது எனக்கு. இந்த ஆண்டு மன்றம் வேறொன்றும் செய்யாவிட்டாலும் இது போதும்.

முதல் ஞாயிறு 14 பேர் வந்தார்கள். நவம்பர் மழையில் அட்டைப்பூச்சிக்குப் பயந்து 5 பேர் ஆனோம். கடைசி ஞாயிறு நானும் அந்த மாணவியும் அவள் அப்பாவும் மட்டும்தான். வருகிறோம் என்று பெயர் கொடுத்தவர்களை நம்பித்தான் வேனுக்கு முன்பணம் கொடுத்தேன். வர முடியாது என்று முந்தின நாள் ஒரு போன் செய்திருக்கலாம். மன்ற அறைச் சாவி இரண்டு மாதம் ஓர் உறுப்பினர் வீட்டிலேயே இருந்துவிட்டதால் ஈரம் போக அலமாரிக்குள் பல்பு எரியவிட முடியாமல், வாட்டர்கலர் தாள் ஒரு கட்டு பூசணம் பிடித்து வீணானது. அந்தத் தாளில் வண்ணம் திட்டுத் திட்டாய் இறங்குகிறது. குழந்தைகளுக்குக்கூடக் கொடுக்க முடியாது.

டிசம்பரில் நீலகிரிப் பழங்குடியினரான ஆலு குறும்பர் ஓவியர் ஒருவர் வந்து, வேங்கை மரப் பிசினிலும் இலைச்சாற்றிலும் வண்ணம் எடுப்பதைக் காட்டினார். தருவதாகச் சொன்ன சன்மானத்தில் பாதியைத்தான் தர முடிந்தது. மீதி நம் கடன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரவுக்குள் செலவை அடக்கியிருக்கிறோம். கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். 38 உறுப்பினர்களில் 17 பேர் இன்னும் கட்டவில்லை. அவரவருக்கு ஆயிரம் சிரமம் இருக்கும், அறிவேன். ஆனால் அந்தப் பாக்கி வந்தாலே குறும்பர் ஓவியரின் சன்மானத்தை முழுதாகக் கொடுத்துவிடலாம்.

அனுமதி தந்த வனத்துறையினருக்கும், தேநீர் கொடுத்த உறுப்பினர்களின் குடும்பத்தாருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டும் சோலைத் திட்டத்தைத் தொடர விரும்புகிறேன். பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மனமார ஒப்படைத்து, நோட்டோடு பின்னால் நடப்பேன். வராவிட்டால் நானே பார்க்கிறேன். முதல் நடை அக்டோபர் முதல் ஞாயிறு, காலை ஆறரைக்குச் சோலை வாசலில். பென்சிலும் அட்டைக்கு உப்பும் மன்றம் தரும். வருபவர்கள் பெயரையும் சந்தாவையும் இன்றே தேநீருக்கு முன் கொடுத்துவிட்டால் வேன் சொல்ல வசதியாக இருக்கும். ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் வைக்கிறேன்.

செயலாளர்