மேற்கு வயல் மனு

கொழிஞ்சாம்பாறை,
அறுப்பு முடிந்த வாரம்.

அன்புள்ள கண்ணு,

மேற்கு வயலை மண் போட்டு நிரப்ப விடக் கூடாது என்று நான் மனு கொடுத்ததைக் கேட்டு, "பக்கத்துக்காரங்க பகை நமக்கு எதுக்கும்மா?" என்று போனில் கேட்டாய். எனக்கும் பயம்தான். மேற்கு வயல்காரர் நேற்று கோயிலில் பார்த்தும் பேசாமல் போனார். அவர் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் சமையலுக்கு நின்றவள் நான். வலிக்கத்தான் செய்கிறது.

அவர் வயலில் வில்லா கட்டப் போகிறார்கள். அனுமதி வரும் முன்பே வாய்க்கால் ஓரம் இரண்டு டிப்பர் செம்மண் கொட்டிவிட்டார்கள். ராத்திரி மழையில் அது கரைந்து நம் மடையை அடைத்துக்கொண்டது. விடியும்போது நானும் அப்பாவும் மண்வெட்டியோடு போனால், ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றுகிறது. தாளுக்கு நடுவே சின்னக் குழியில் மண்கட்டி நிறத்தில் நாலு முட்டை. டிப்பர் தடம் ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது.

மேற்கே பெய்கிற மழை நமக்குக் கிடையாது. தமிழ்நாட்டோடு கேரளம் போட்ட 1970 ஒப்பந்தப்படி நம் சித்தூர்ப் புழை ஆற்றுக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. வர வேண்டும், கோடை வந்தால் அதற்கே தகராறு. வயலில் நிற்கிற தண்ணீர்தான் கிணற்றுக்கு இறங்குகிறது. அங்கே மண்ணை நிரப்பி, வீட்டுக்கு ஒரு போர்வெல்லும் போட்டால் நம் கிணறு என்ன ஆகும்? 2002-இல் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலைக்கு எதிரான போராட்டப் பந்தலில் மயிலம்மாவும் மற்றப் பெண்களும் உட்கார்ந்தது தண்ணீருக்காகத்தான். அப்போது நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு நாள் நானும் போய் உட்கார்ந்தேன்.

வீடே கட்டக் கூடாது என்றா சொல்கிறேன்? நெல்வயல் தவிர வேறு இடமில்லாதவர் தான் குடியிருக்க வீடு கட்டுவதென்றால், பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை அனுமதி கேட்க கேரளத்தின் 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இது அப்படியில்லை, விற்பனைக்குக் கட்டுவது. நெல் விளையாத மேட்டு நிலம் தவறாக நெல்வயல் பட்டியலான டேட்டா பேங்கில் ஏறிவிட்டது, எடுத்துவிடுங்கள் என்று ஆர்.டி.ஓ.வுக்கு மனு போட்டிருக்கிறார்கள். என்ன பொய் கண்ணு! சட்டம் வந்த அந்த 2008-இல் அந்த வயலில் நாற்று நட்ட கை இது. அதனால்தான் நானும் மனு எழுதினேன். தமிழில் எழுதி, எதிர்வீட்டுப் பெண்ணிடம் மலையாளத்தில் ஒரு நகலும் எழுதி வாங்கிக் கொடுத்தேன்.

உனக்கு வீடு கட்டக் களத்துமேடு இருக்கிறது. தொழுவத்தைப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம் என்று அப்பா சொல்கிறார்.

புதன்கிழமை கிருஷி பவனில் (வேளாண் ஆபீஸில்) இருந்து வயலைப் பார்க்க வருகிறார்கள். மேற்கு வயல் வரப்பில் நீ சேற்றுக் காலோடு உட்கார்ந்திருக்கிற போட்டோ நினைவிருக்கிறதா? பின்னால் நாங்கள் குனிந்து நட்டுக்கொண்டிருப்போம், மூலையில் தேதி அச்சாகியிருக்கும். அந்த ஆல்பம் உன்னிடம்தான் இருக்கிறது. தேதி தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து, செவ்வாய் ராத்திரிக்குள் அப்பாவின் வாட்ஸ்ஆப்புக்கு அனுப்பு சாமி.

அன்புடன்,
அம்மா