அடி வாங்கியதால்தான் ஜெயித்தார் என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மகளிர் தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட சாதனைப் பெண்கள் பேட்டிகளை ஒன்று விடாமல் படித்தேன். நல்ல முயற்சி, மறுக்கவில்லை. ஆனால் பல பேட்டிகளில் ஒரே மாதிரி ஓர் இடம் வருகிறது. "சின்ன வயதில் வீட்டில் அடி, அவமானம், அந்த வைராக்கியம்தான் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்தது" என்று பேட்டி கொடுக்கிறவர் சொல்கிறார். நீங்கள் அதையே கட்டம் கட்டித் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு, அடுத்த திட்டம் என்ன என்று கேட்கப் போய்விடுகிறீர்கள். அந்த அடி அவரை விட்டுப் போய்விட்டதா, இப்போது ராத்திரியில் தூங்குகிறாரா என்று யாருமே கேட்கவில்லை.

நான் ஒரு வங்கியில் கிளை மேலாளர். எங்கள் வீட்டில் அப்பா குடிப்பார். வாசலில் அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எப்படி வந்திருக்கிறார் என்று எனக்கும் தங்கைக்கும் தெரிந்துவிடும். நிதானமாகப் போட்டால் தப்பித்தோம். சைக்கிள் சுவரில் மோதிச் சாய்ந்தால், அம்மாவை அடுப்படியை விட்டு வராதே என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்துவிடுவேன், படிக்கிற பிள்ளையை மட்டும் அவர் தொட மாட்டார், நான் அங்கே இருக்கும்வரை என்னைத் தாண்டி அடுப்படிக்கும் போக மாட்டார். அப்படிப் படித்துத்தான் பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்கினேன். ஊரே மெச்சியது.

அதே வீட்டில் அதே சத்தத்தைக் கேட்டு வளர்ந்த என் தங்கை பத்தாவதோடு நின்றுவிட்டாள். பரீட்சைத் தாளைப் பார்த்தாலே கை நடுங்கும் என்பாள். அடிதான் ஒருவரை முன்னேற்றும் என்றால் அவளும் அல்லவா முன்னேறியிருக்க வேண்டும்? எனக்குப் படிப்பு ஒளிந்துகொள்ள ஓர் இடமாக இருந்தது, அவளுக்கு அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலைக்கு வந்த பிறகும் அந்தக் காது அப்படியே இருந்தது. மண்டல மேலாளர் போனில் "ஹலோ" சொல்லும் விதத்திலேயே அவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் எதைக் கேட்பார் என்று முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பேன். மேடம் மாதிரி யாராலும் முடியாது என்று பாராட்டுவார்கள். அனுப்பி முடித்த ஸ்டேட்மென்டை நடுராத்திரி எழுந்து மறுபடி கூட்டிப் பார்ப்பதும், லீவு போட்டால் நெஞ்சு படபடப்பதும், யாராவது பாராட்டினால் அடுத்து என்ன தப்புக் கண்டுபிடிக்கப் போகிறார்களோ என்று வயிறு இறுகுவதும் வெளியே தெரியாது. அலுவலகத்தில் இதற்குப் பெயர் பொறுப்புணர்ச்சி, பிரமோஷன்கூடக் கிடைக்கும். அதனால்தான் நன்றாகச் சம்பாதிக்கிற, பேசுகிற, நாலு பேருக்கு வழிகாட்டுகிற பெண்களின் மனக்காயம் கடைசிவரை யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது. கடுமையாக உழைக்கிற எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. உழைப்பில் சந்தோஷம் இருக்கிறவர்கள் உண்டு. உழைப்பை நிறுத்தினால் பயம் வருகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

1990களில் அமெரிக்காவின் சான்டியாகோவில் சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. பெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு டாக்டர்கள் நடத்தியது, முதல் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. கலந்துகொண்ட 17,000க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் கல்லூரி வாசல் மிதித்தவர்கள், மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். அவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் அடி, பாலியல் சீண்டல், குடிகார வீடு என்று ஏதாவது ஒன்றைச் சின்ன வயதில் பார்த்திருந்தார்கள். அப்படிப்பட்ட அனுபவங்கள் கூடக் கூட, பிற்காலத்தில் மனச்சோர்வும் இதய நோயும் வரும் வாய்ப்பும் கூடியது. டிகிரியும் சம்பளமும் வந்துவிட்டால் பழசு தானாக அழிந்துவிடும் என்று நம் ஊரில் நம்புகிறோமே, அதற்கு இது நேர் எதிர்.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டராக இருந்த லாரி நாசர் தன்னையும் பாலியல் கொடுமை செய்ததை 2018 ஜனவரியில் அவர் வெளியே சொன்னார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், அந்தரத்தில் உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே தெரியாமல் போய், அணிப் போட்டியின் பாதியில் விலகினார். நாட்டை ஏமாற்றிவிட்டார் என்றுகூடத் திட்டினார்கள். அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட் குழு முன்னால் உட்கார்ந்து, நாசரை மட்டுமல்ல, அவனுக்கு இடம் கொடுத்த மொத்த அமைப்பையும் குற்றம் சொன்னார். பிறகு 2024இல் பாரிஸ். மூன்று தங்கம், ஒரு வெள்ளி. அணிப் போட்டி நடந்த அன்று காலையில் தன் தெரபிஸ்டோடு, அதாவது மனநலச் சிகிச்சை தருகிறவரோடு, பேசிவிட்டுத்தான் களத்துக்கு வந்ததாக அவரே சொன்னார்.

இதை நான் பதக்கத்துக்காகச் சொல்லவில்லை. அவர் பாரிஸுக்கே போகாமல் வீட்டில் நிம்மதியாக இருந்திருந்தாலும் அந்தத் தெரபி வீண் ஆகியிருக்காது. ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு உள்ளே ஒரு பயம் உண்டு: காயம் ஆறிவிட்டால் வைராக்கியம் போய்விடும், வைராக்கியம் போனால் வேலையும் போய்விடும் என்று. உங்கள் கட்டம் கட்டிய வரிகள் அந்தப் பயத்தைத்தான் வளர்க்கின்றன. பைல்ஸ் காயத்தைக் கவனித்த பிறகும் அதே உயரத்துக்குக் குதித்தார்.

தெரபி என்றால் சோபாவில் படுத்து அழுவது என்றோ, அறிவுரை வாங்குவது என்றோ நிறையப் பேர் நினைக்கிறார்கள். நான் போன சைக்காலஜிஸ்ட் ஆரம்பத்தில் அப்பாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. தூக்கத்தைக் கேட்டார், படபடப்பு வரும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி மூச்சை மெதுவாக விடச் சொல்லிக் கொடுத்தார். உடம்பு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் அந்தச் சைக்கிள் சத்தத்துக்குப் போனோம். இப்போது நடப்பதுபோல மெதுவாகச் சொல்லச் சொன்னார். சொல்லும்போது என் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருப்பதை அவர்தான் கவனித்தார். "அம்மாவைக் காப்பாற்றும் வேலையைப் பதினோரு வயசுப் பிள்ளைக்கு யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். அன்றைக்கு முதலில் கோபம்தான் வந்தது, அழுகை அப்புறம்தான் வந்தது. இப்போதும் மேலதிகாரி கத்தினால் வயிறு இறுகத்தான் செய்கிறது, ஆனால் ராத்திரிவரை நீடிப்பதில்லை. "நாளைக்குத்தான் தர முடியும் சார்" என்று சொல்ல முடிகிறது.

வழிகள் வேறுவேறாக இருக்கின்றன. நினைவோடு பிணைந்துபோன "என் தப்புதான்" என்ற எண்ணத்தை எடுத்து அலசுகிற முறை உண்டு. நினைவை மனதில் வைத்துக்கொண்டே தெரபிஸ்டின் விரல் அசைவைக் கண்ணால் தொடரும் ஈ.எம்.டி.ஆர். முறை உண்டு, அதை 1987இல் கண்டுபிடித்தவர் பிரான்சின் ஷாபிரோ. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே பரிந்துரைத்திருக்கிறது. யாருக்கு எது பொருந்தும் என்பதை அதற்கென்று படித்த நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருந்தால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது, ஏனென்றால் கவுன்சலிங் என்று போர்டு மாட்டியிருக்கிற எல்லோரும் முறையாகப் படித்தவர்கள் என்று சொல்ல முடியாது.

"முடிஞ்சு போனதை எதுக்குக் கிளறணும்?" என்று என் அம்மாவே கேட்டாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அவளுக்கும் அது இன்னும் முடிந்துபோகவில்லை. செலவும் ஒரு தடை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்கு உள்ளதுபோல மன நோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது, ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருகின்றன. வாரா வாரம் போய்வரும் தெரபிக்குக் கைக்காசுதான். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே கட்டணம் கிடையாது. இதையெல்லாம் உங்கள் பத்திரிகை எழுதலாமே.

அடுத்த முறை ஒரு பெண் தன் சின்ன வயது அடியைப் பற்றிச் சொன்னால், அதிலிருந்து எப்படி மீண்டீர்கள், யார் உதவினார்கள் என்று கேளுங்கள். சொல்லப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வெற்றியின் ரகசியம் என்று மட்டும் அதைக் கட்டம் கட்ட வேண்டாம். இன்றைக்கு அடி வாங்கிக்கொண்டிருக்கிற பிள்ளையும் அடிக்கிற அப்பாவும் அதே பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். அந்த இடத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐப் போடுங்கள். இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
வாசகி, திருச்சி
(பெயர் வெளியிட வேண்டாம்)