மியூனிக்கை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாளத்தையும் பாட்டின் அமைப்பையும் அடிக்கடி மாற்றிச் சிக்கலாக வாசிக்கும் மெட்டல் இசையான புரோகிரெசிவ் மெட்டல் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். தமிழில் இந்த இசைக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால், 1992-இல் அமெரிக்கக் குழுவான ட்ரீம் தியேட்டரின் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பம் வந்த பிறகுதான் ஐரோப்பாவில் இந்த இசை முளைவிட்டது என்ற தொனியில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக் குழுவான சீஜஸ் ஈவன், தன் முதல் ஆல்பமான 'லைஃப் சைக்கிள்'-ஐ 1988-லேயே கொண்டுவந்துவிட்டது. ட்ரீம் தியேட்டரின் முதல் ஆல்பமே 1989-இல்தான் வந்தது. பிறகு யாரைப் பார்த்து யார் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்வது?

அன்றைய ஜெர்மனியை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் க்ரியேட்டர், சோடம் குழுக்களின் த்ராஷ் எனும் முரட்டு மெட்டலின் வேகம். இன்னொரு பக்கம் ஹாம்பர்க்கில் ஹெலோவீன், கூட்டமே சேர்ந்து பாடும்படியான மெட்டுகளோடு. இரண்டுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். இந்த இரண்டு வழியிலும் போகாமல், பாடகர் ஃப்ரான்ஸ் ஹெர்டே, கிடாரில் மார்க்கஸ் ஸ்டெஃபன், பேஸில் ஆலிவர் ஹோல்ஸ்வார்த், டிரம்ஸில் அவருடைய சகோதரர் அலெக்ஸ் என்று நான்கு பேர் கணக்குப் பிசகாத, அதே சமயம் எங்கே திரும்பும் என்று ஊகிக்க முடியாத ஓர் இசையைப் பதிவு செய்தார்கள்.

முதல் பாட்டான 'ரிப்ரெஷன் அண்ட் ரெசிஸ்டன்ஸ்'-ஐப் போட்டு, கிடாரை விட்டுவிட்டு பேஸை மட்டும் கேளுங்கள். வழக்கமான மெட்டல் பாட்டில் பேஸ் கிடாரின் நிழலாகத்தான் ஓடும். இங்கே ஆலிவர் தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டு போகிறார். கிடாரோடு ஓரிடத்தில் மோதிச் சேருகிறார், உடனே பிரிகிறார். தாளம் நான்கில் நிற்பதாக நினைத்துத் தலையாட்டத் தொடங்கினால் இரண்டு வரிக்குள் தடுமாற்றம்தான். தனியாவர்த்தனத்தில் விரல்விட்டு எண்ணிப் பழகியவர்களுக்கு இந்தத் தடுமாற்றத்தின் சுகம் தெரியும்.

குறை இல்லாமலில்லை. ஹெர்டேயின் உச்சஸ்தாயிக் குரல் எல்லோருக்கும் ஒத்துவராது. ஒலிப்பதிவிலும் கனம் போதாது என்பார்கள். என்னைக் கேட்டால், அந்த வறண்ட ஒலிதான் இந்த ஆல்பத்துக்கு நல்லது செய்தது. எதிரொலியைக் கொட்டி மெழுகியிருந்தால் அலெக்ஸின் சின்னச் சின்ன சிம்பல் வேலைகள் காதில் விழுந்திருக்குமா?

அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த வாட்ச்டவர் குழு 1985-லேயே இந்தப் பாதையில் இறங்கிவிட்டது, அதன் சாயல் இவர்களிடம் தெரிகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதே வாட்ச்டவர் தன் இரண்டாவது ஆல்பத்தை 1989-இல் பெர்லினில்தான், ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தது. சூரிக்கின் கரோனர், ஜெர்மனியின் மெகாங் டெல்டா ஆகிய குழுக்களும் 1987-லேயே முதல் ஆல்பங்களை வெளியிட்டுவிட்டன. அவையும் தங்கள் கட்டுரையில் இல்லை.

சீஜஸ் ஈவன் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 'ஸ்டெப்ஸ்' 1990-இலும், 'எ சென்ஸ் ஆஃப் சேஞ்ச்' 1991-இலும் வந்தன. ஆல்பத்துக்கு ஆல்பம் இசை மென்மையாகி, ஜாஸ் பக்கம் சாய்ந்தது. பின்னாளில் அலெக்ஸ் இத்தாலியின் ராப்சடி குழுவுக்கும், ஆலிவர் பிளைண்ட் கார்டியனுக்கும் வாசித்தார்கள். அந்தப் பெயர்களை அறிந்த நம் வாசகர்கள் பலருக்கும் இந்த முதல் ஆல்பம் தெரியாது என்பதுதான் என் ஆதங்கம்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வருமென்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதில் ஐரோப்பாவுக்கு இடம் கொடுங்கள். 'லைஃப் சைக்கிள்'-க்குக் குறைந்தது ஒரு முழுப் பக்கமாவது வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி