கடலில் விழுந்தவர்களுக்கும் ஒரு கை தண்ணீர்

தேவனாம்பட்டினம் முதல் வீராம்பட்டினம் வரையுள்ள கடற்கரை ஊர்களின் பஞ்சாயத்தார்களுக்கு,

வணக்கம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் ஆசிரியராக இருந்தவன். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் என் வகுப்பில் படித்தார்கள். வங்கக் கடலை நான் சுவரில் மாட்டிய படத்தில் காட்டுவேன். வாடைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், கொண்டலுக்கு எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவர்கள் எனக்குச் சொல்லித் தருவார்கள். இந்தக் கடலில் விமானத்தோடு விழுந்து மூழ்கியவர்களை நினைவுகூர்வது பற்றி, அந்த உரிமையில்தான் மாவட்ட ஆட்சியருக்கோ அமைச்சருக்கோ எழுதாமல் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

சென்னை நந்தம்பாக்கத்தில், மவுண்ட் பூந்தமல்லி சாலையில், ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளைத் தொடர்ந்து பராமரிக்க முடியாது என்பதால் 1952இல் அதை அமைத்து, எல்லாரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படை எண், இறந்த நாள், வயது. விமானப் படையினரின் கல்லில் சிறகு விரித்த பறவை. நான் போன அன்று வயதுகளை மட்டும் படித்துக்கொண்டே நடந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். நான் பிளஸ் டூ முடித்து வழியனுப்பிய பையன்களைவிட மூன்று நான்கு வயதுதான் கூட.

ஆனால் அவர்களாவது மண்ணுக்குக் கிடைத்தவர்கள். கடலில் விழுந்தவர்களுக்கு அந்தக் கல்லும் கிடையாது. தெற்காசியாவிலும் கிழக்காசியாவிலும் சுற்றியுள்ள கடல்களிலும் விமானத்தோடு காணாமல் போனவர்களின் பெயர்களைச் சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்தில் சுவர் சுவராக வெட்டி வைத்திருக்கிறார்கள். தரைப்படையினரும் சேர்த்து 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள், எல்லாரும் கல்லறை இல்லாதவர்கள். இந்தியப் படையினர் பெயர்களும் அங்கே ஏராளம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை செய்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கரையிலிருந்து பார்த்தால் தெரியும் நீரில் விழுந்தவனுக்கும் பெயர் அங்கேதான் இருக்கிறது. இங்கே ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்தில் இந்தக் கடல் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வங்கக் கடலுக்குள் வந்தது. ஏப்ரல் 4ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே ரோந்து சுற்றிய ஒரு கேட்டலீனா விமானம் அந்தக் கப்பல்களைக் கண்டு, செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் கனடா விமானப் படையின் லெனார்டு பிர்ச்சாலும் அவருடைய ஆட்களுமாக ஒன்பது பேர். மூவர் அன்றே இறந்தார்கள், மற்றவர்கள் கைதிகளானார்கள். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது, அதற்கு மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். சென்னையில் பாதி ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடியது. 'எவாக்குவேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்தறியாத என் பாட்டிகூடச் சொல்வாள். அவள் காதில் அந்த வருடம் விழுந்தது வாழ்நாள் முழுவதும் போகவில்லை.

அதன் பிறகு போர் முடியும்வரை இந்தக் கடல்மேல் விமானங்கள் ஓயவில்லை. இன்று சென்னை குடிக்கும் புழல் ஏரியில்தான் அன்று கேட்டலீனா கடல் விமானங்கள் இறங்கி ஏறின. பரங்கிமலையிலிருந்து லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குள்ளேயே, உளுந்தூர்பேட்டையில், ஓடுதளம் போட்டார்கள். கப்பல் கூட்டங்களுக்குக் காவல், நீர்மூழ்கித் தேடல் என்று ஒரு கேட்டலீனா 20 மணி நேரம்கூடத் தொடர்ந்து பறக்கும். அத்தனை நேரமும் கீழே தண்ணீர் மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடல்மேல் எழும் மேகம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் இரவில் நுழைந்தவர்கள் அவர்கள்.

குண்டுபட்டு விழுந்தவர்கள் மட்டுமல்ல. எஞ்சின் நின்று விழுந்தவர்கள், திசை தவறி எண்ணெய் தீர்ந்தவர்கள், பயிற்சியில் போனவர்கள் எல்லாரும் உண்டு. மஸ்கிட்டோ என்று மரத்தால் செய்த ஒரு விமானம் இருந்தது. மரப்பலகைகளைப் பசையால் ஒட்டிக் கட்டியது. இந்தியாவுக்கு வந்த பிறகு பறக்கும்போதே இறக்கை பிரிந்து விபத்துகள் நடந்து, 1944 நவம்பரில் அவற்றைத் தரையிலேயே நிறுத்திவைத்தார்கள். நம் வெயிலும் ஈரமும் பசையை இளக்கிவிட்டன என்று முதலில் சொன்னார்கள். பின்னர் ஆராய்ந்து, கட்டியதிலேயே குறை இருந்தது என்றார்கள். மரமும் உப்புக்காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கையால் அறிந்தவர்கள் நீங்கள். அப்படி ஒரு விமானத்தில் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு வயிறு பிசைகிறது.

அவர்கள் வீட்டுக்குப் போனது ஒரு தந்தி. 'காணவில்லை' என்று. மாதங்கள் கழித்து இன்னொரு கடிதம், 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்று. இந்த வார்த்தைகளின் கனம் நகரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில், தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு பெண் சுவரோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் நீங்கள். உடல் கிடைக்காவிட்டால், இறந்ததாகச் சட்டம் ஏற்க ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று அலுவலகங்களில் கேட்டு வந்தவர்களும் நீங்கள்தான். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

இதைப் படிக்கும் இளைஞர்கள் கேட்பார்கள்: அது வெள்ளைக்காரன் படை, அந்த 1942லேயே நம் ஆட்களைச் சிறையில் அடைத்தவன் படை, அவனுக்கு நாம் ஏன் அழ வேண்டும்? கேள்வி நியாயமானது. அந்த ஆட்சியை நான் கொண்டாடவில்லை. ஆனால் தென்னாற்காடும் சேர்ந்த சென்னை மாகாணத்து நன்கொடைப் பணத்துக்காக, பிரிட்டிஷ் விமானப் படையின் 234ஆம் அணிக்கும் 264ஆம் அணிக்கும் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பெயர் சூட்டினார்கள் என்பதையும் பாருங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். முதல் உலகப்போரில் அதே பிரிட்டிஷ் விமானப் படையில் பறந்த கல்கத்தாவைச் சேர்ந்த இந்திர லால் ராய், 19 வயதுப் பையன், 1918 ஜூலை 22 அன்று பிரான்சின் வானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டான். எஸ்தவெல் என்ற சின்ன ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அவனைப் புதைத்தார்கள். இது மாவீரனின் சமாதி, மரியாதை காட்டுங்கள், தொடாதீர்கள் என்று அவன் கல்லில் வங்க மொழியில் எழுதியிருக்கிறது. அந்த ஊரில் வங்கம் படிக்கத் தெரிந்தவர் யார்? இருந்தும் அவன் தாய்மொழி அங்கே நிற்கிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே, பிரெஞ்சிந்தியாவிலிருந்து அந்தப் போருக்குப் போய் மாண்டவர்களுக்கான நினைவுச் சின்னம் 1938 முதல் நிற்கிறது. ஆண்டுதோறும் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14க்கு விளக்கேற்றுகிறார்கள். அவர்கள் எந்தக் கொடியின்கீழ்ச் செத்தார்கள் என்று பார்த்தா நாம் அங்கே நிற்கிறோம்?

நம் காலத்துக்கு வருகிறேன். 2015 ஜூன் 8 இரவு, கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ரோந்து முடித்துத் திரும்பும் வழியில் கடலூர், பிச்சாவரம் கரைக்கு அப்பால் மறைந்தது. மூன்று பேர். நீர்மூழ்கிக் கப்பல் சிந்துத்வஜ் அந்த விமானத்தின் கருவி எழுப்பிய ஒலியைக் கேட்டது, தனியார் கப்பல் ஒன்று இறங்கித் தேடியது, ஒரு மாதம் கழித்து ஏறத்தாழ 1000 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள். அடுத்த ஆண்டு, 2016 ஜூலை 22 அன்று, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப் படையின் ஏ.என். 32 விமானத்தில் 29 பேர். அதன் சிதைவு 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்ததை 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். ஏழரை ஆண்டுகள். இத்தனை கருவிகள் இருந்தும் இவ்வளவு காலம் என்றால், 1943இல் விழுந்தவனை யார் தேடியிருப்பார்கள்? டோர்னியரில் இருந்த மூவர் நம் கடலைக் காத்துத்தான் போனார்கள். அவர்களையும் சேர்த்தே கேட்கிறேன்.

உங்களிடம் கேட்பது இவைதான்.

வலை அடியில் எதிலோ மாட்டிக் கிழியும்போது அந்த இடத்தை எல்லாரும் 'பார்' (கடலடிப் பாறை) என்று சொல்லி ஜி.பி.எஸ். கருவியில் குறித்துவைக்கிறீர்கள், அடுத்த முறை விலகிப் போவதற்காக. அந்தக் குறிப்புகளை ஊர்ப் பொது நோட்டு ஒன்றில் எழுதிவையுங்கள். கல்லா, கப்பலா, வேறு ஏதாவதா என்பதைப் பிறகு ஆராய்பவர்கள் ஆராயட்டும். ஆணி அடித்து இணைத்த அலுமினியத் தகடு, எஞ்சின் பாகம், எழுத்து பொறித்த உலோகம் எது மேலே வந்தாலும் பழைய இரும்புக் கடைக்குக் கிலோ கணக்கில் போட்டுவிடாதீர்கள். புகைப்படம் எடுத்துக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்குச் சொல்லுங்கள். உருளையாக, கனமாக ஏதாவது வந்தால் தொடவே வேண்டாம். அந்த விமானங்கள் வெடிகுண்டோடு பறந்தவை. தகட்டில் இருக்கும் ஓர் எண்ணை வைத்து, எந்த விமானம், யார் யார் இருந்தார்கள் என்பதை இன்றும் கண்டுபிடிக்க முடியும். அருணாசலக் காடுகளில் விழுந்த அமெரிக்க விமானங்களை மலைவாழ் மக்கள் வழிகாட்டித்தான் கண்டறிந்தார்கள். 2023 நவம்பரில் பாசிகாட்டில் அதற்கென்று அருங்காட்சியகமே திறந்தார்கள்.

இரண்டாவது, தேவனாம்பட்டினக் கடற்கரையில் ஒரு சிறு கல். இந்தக் கடலில் விமானத்தோடு மூழ்கியவர்களின் நினைவாக என்று தமிழில் ஒரே வரி போதும். சுனாமியில் போன நம் சொந்தங்களுக்காக டிசம்பர் 26 அன்று கடலில் பால் ஊற்றுகிறோம். அந்த நாள் அவர்களுக்கே உரியது, அதில் யாரையும் சேர்க்கச் சொல்ல மாட்டேன். ஆடி அமாவாசையை எடுத்துக்கொள்ளலாம். அன்று அந்தக் கரையில் நின்று தர்ப்பணம் கொடுக்கும்போது, தாயும் இல்லாமல், தந்தையும் இல்லாமல், உறவென்று யாரும் இல்லாமல் போனவர்களுக்கும் ஒரு கை நீர் விடச் சொல்வார்கள். இத்தனை வருடமும் நானும் விட்டிருக்கிறேன், யாருக்கென்று நினைக்காமலே. இந்த ஆடியில் நினைத்து விடப்போகிறேன்.

கல்லுக்கான செலவை நானும் என் பழைய மாணவர்களும் ஏற்கிறோம். இடத்துக்கு மட்டும் பஞ்சாயத்தின் சம்மதம் வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை. போர்க்காலத்தில் பத்துப் பன்னிரண்டு வயதாக இருந்த பெரியவர்கள் ஒவ்வொரு குப்பத்திலும் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். விளக்கணைத்த இரவுகளில் என்ன கேட்டார்கள், கடலில் என்ன மிதந்து வந்தது, அப்பா என்ன சொன்னார் என்பதை அவர்களிடம் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், மீன் ஏலம் முடிந்த பிறகு, நோட்டோடு வருகிறேன். அவர்கள் வலை பின்னும் இடத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். எந்த ஊரில் தொடங்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன்
மஞ்சக்குப்பம், கடலூர்